கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வாடகைப் பொறி

எங்கள் கல்லூரி அலுவலகத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு சிறிய கறுப்புப் பெட்டி மாட்டப்பட்டிருக்கிறது. நான்கு பச்சை விளக்குகள் அதில் விட்டுவிட்டு ஒளிரும். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள சீட்டில், இது நிறுவனத்தின் உடைமை, திறக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. சென்ற ஆண்டு தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாளன்று அந்த விளக்குகளில் ஒன்று சிவப்பாகியது. பிற்பகல் முழுவதும் சிவப்பாகவே இருந்தது. வரிசையில் நின்ற மாணவர்கள் மாலையில் வெறுங்கையுடன் திரும்பினார்கள். மறுநாள் தாமதக் கட்டணமும் சேர்த்துக் கட்டினார்கள்.

தலைமை எழுத்தர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "மாசாமாசம் சந்தா கட்டுறோமே சார், எதுக்குத்தான் கட்டுறோம்?"

இயற்பியல் ஆசிரியன் என்ற காரணத்தால், கம்பி தொடர்பான கேள்விகள் அனைத்தும் எங்கள் கல்லூரியில் என்னிடந்தான் வந்துசேரும். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். பெட்டி நிறுவனத்தினுடையது, அது பழுதானால் மாற்றித் தருவார்கள். தெருவிலிருந்து அலுவலகம் வரையுள்ள கம்பி அவர்கள் பொறுப்பு. அலுவலகத்துக்குள் நாம் இழுத்துக்கொண்ட கம்பி நம் பொறுப்பு. இணைப்பைப் பிற நிறுவனத்துக்குப் பகிர்ந்து விற்கக் கூடாது. ஆண்டில் 99.5 விழுக்காடு நேரம் இணைப்பு இருக்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 8,760 மணி. அதில் அரை விழுக்காடு 43 மணி 48 நிமிடம். அவ்வளவு நேரம் இணைப்பு அறுந்து கிடந்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை! அதற்கு மேல் போனால், போன நேரத்துக்குரிய வாடகையைக் கழித்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் நமக்கு என்ன நட்டம் வந்தது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதைப் படித்தபோது, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரத் தரகர்களின் மேசைகளில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பொறி என் நினைவுக்கு வந்தது. மாதச் சந்தாவுக்கு வணிகச் செய்தி தரும் வலையமைப்பு என்று இன்று நாம் சொல்வதன் எல்லா உறுப்புகளும், எல்லாத் தகராறுகளும், அந்தப் பொறியிலேயே தோன்றிவிட்டன.

ஓடிய பையன்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டு அரசு, தங்கமாக மாற்றிக்கொள்ள முடியாத காகிதப் பணத்தை வெளியிட்டது. அதன் விளைவாக, போர் முடிந்த பின்னும் நாட்டில் இரண்டு வகைப் பணம் புழங்கியது. இறக்குமதி வணிகர் சுங்கவரியைத் தங்கமாகக் கட்டவேண்டும்; சரக்கை விற்றால் வருவதோ காகிதம். ஆகவே தங்கத்தின் காகித விலை அவருக்கு உயிர்நாடி. அந்த விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. விலையைத் தெரிந்துவர ஒவ்வொரு வணிகரும் ஒரு பையனைத் தங்கச் சந்தைக்கு அனுப்பினார். பையன் விலையைக் குறித்துக்கொண்டு ஓடிவருவான், அவன் வந்து சேர்வதற்குள் விலை மாறியிருக்கும், மறுபடியும் ஓடுவான். பங்குச் சந்தையிலும் இதே கதைதான்.

தங்கச் சந்தையின் துணைத் தலைவராக இருந்த சாமுவேல் லாஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். மின்காந்தத்தால் இயங்கும் விலைகாட்டி ஒன்றைச் சந்தையின் சுவரில் அமைத்தார். அதன் ஒரு முகம் கூடத்தைப் பார்த்திருக்கும். மறுமுகம் தெருவைப் பார்த்திருக்கும். அடுத்த படியாக, அதே போன்ற சிறு விலைகாட்டிகளைத் தரகர்களின் அலுவலகங்களில் வைத்து, கம்பியால் இணைத்து, வாடகை வாங்கினார். இதே லாஸ் பின்னாளில் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார் என்பது பலருக்குத் தெரியாது.

விலைகாட்டி எண்ணைக் காட்டியது, எழுதிவைக்கவில்லை. பார்க்கத் தவறினால் தவறியதுதான். 1867-இல் எட்வர்டு காலகன் என்ற தந்தி இயக்குநர், விலையைக் காகித நாடாவில் அச்சடிக்கும் பொறியைச் செய்தார். மழைக்குப் பங்குச் சந்தையின் வாசலில் ஒதுங்கியபோது, முட்டிமோதி ஓடிய பையன்களைக் கண்டதால் அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். பொறி எழுப்பிய ஓசையே அதற்குப் பெயராயிற்று: டிக்கர்.

அமிலமும் கம்பளமும்

டிக்கர் இயங்கும் முறை எளியது. எழுத்துகளைத் தாங்கிய ஒரு சக்கரமும் எண்களைத் தாங்கிய ஒரு சக்கரமும் உள்ளன. நடுநிலையத்திலிருந்து ஒரு மின்துடிப்பு வந்ததும் மின்காந்தம் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. சக்கரம் ஒரு பல் அளவு நகர்கிறது. ஏழு துடிப்பு வந்தால் ஏழு பல். வேண்டிய எழுத்து கீழே வந்தவுடன் வேறொரு மின்காந்தம் காகித நாடாவைச் சக்கரத்தோடு அழுத்துகிறது. எழுத்து பதிகிறது. நாடா நகர்கிறது. வகுப்பில் மின்காந்தத்தின் பயன்கள் என்று மின்மணியோடு நிறுத்திக்கொள்கிறோமே, அந்த மின்மணியின் நேர் தம்பி இது.

இந்தப் பொறியைக் கோல்டு அண்டு ஸ்டாக் தந்தி நிறுவனம் யாருக்கும் விற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாடகைக்குத்தான் விட்டது. பொறி, கம்பி, மை, காகித நாடா, பழுதுபார்ப்பு எல்லாம் நிறுவனத்தினுடையவை. தரகர் சந்தா கட்டுவார், நாடாவைப் படிப்பார். அவ்வளவே அவர் வேலை. ஏன் இந்த ஏற்பாடு? பொறியைத் தனியாக விலைக்கு வாங்கி என்ன செய்வது? மறுமுனையில் செய்தி அனுப்புவோர் இல்லையென்றால் அது கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் பித்தளைப் பொம்மை. பொறியும் கம்பியும் செய்தியும் ஒரே பண்டம். பிரித்தால் எதற்கும் மதிப்பில்லை.

ஆனால் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு என்றால், எல்லாத் தொல்லையும் நிறுவனத்தின் பொறுப்பே. தொடக்கத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் பொறிக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடிச் சாடிகளில் மின்கலங்கள் இருந்தன. சாடிக்குள் கந்தக அமிலம். அதை மாற்றி நிரப்ப நிறுவனத்தின் ஆட்கள் வாளியில் அமிலத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகங்களுக்குள் வருவார்கள். அவர்களிலும் பலர் விளையாட்டுப் பருவத்துப் பையன்கள். சிந்திய இடத்தில் கம்பளம் பொத்தலாகும், கால்சட்டை பொத்தலாகும். சந்தாதாரர்கள் சத்தம் போட்டார்கள். ஆய்வகத்தில் மாணவர் சட்டையில் அமிலம் பட்டால் வீட்டிலிருந்து யார் வருவார், என்ன சொல்வார் என்பதை அறிந்தவன் என்ற முறையில், அந்த நிறுவனத்தின் மேலாளர் மீது எனக்குச் சற்று இரக்கம் உண்டு.

தீர்வு இயற்பியலில் இருந்தது. பல பொறிகளைத் தொடராக ஒரே சுற்றில் இணைத்து, மின்கல அடுக்கு முழுவதையும் நடுநிலையத்திலேயே வைத்துக்கொண்டார்கள். தொடர் சுற்றில் எல்லாப் பொறிகளிலும் ஒரே மின்னோட்டம் பாயும். ஆகவே எல்லாம் ஒன்றாக நகரும். கம்பளம் பிழைத்தது. தொடர் சுற்றின் மற்றொரு குணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்: எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் அச்சுற்றில் உள்ள அனைவருக்கும் நின்றுபோகும்.

ஒரு பல் பிசகினால்

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று இருந்தது. நூறு அலுவலகங்களில் நூறு சக்கரங்கள் சுழல்கின்றன. ஒன்று மட்டும் ஒரு துடிப்பைத் தவறவிட்டுவிட்டது. அது தொடர்ந்து அச்சடிக்கும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கு முந்திய எழுத்தை அடிக்கும். சரிசெய்ய நிறுவனத்தின் ஆள் அந்த அலுவலகத்துக்கு நடந்துபோய்ச் சக்கரத்தைக் கையால் திருப்பி வைக்கவேண்டும். தெருவெங்கும் பொறிகள் வந்துவிட்ட பிறகு எத்தனை பேரை நடக்கவிடுவது?

இங்கே எடிசன் வருகிறார். 1869-இல் அவருக்கு வயது 22. கையில் காசில்லாமல் நியூயார்க் வந்து, லாஸின் விலைகாட்டி நிலையத்து மின்கல அறையில் இரவு படுத்துக்கொண்டார். ஒரு நாள் நடுநிலையத்துப் பொறி பெருஞ்சத்தத்துடன் நின்றுபோயிற்று. சில நிமிடங்களில் முந்நூறு பையன்கள் வாசலில் கூடி, தங்கள் முதலாளியின் இணைப்பு போய்விட்டது என்று கூச்சலிட்டார்களாம். சுருள்வில் ஒன்று உடைந்து இரண்டு பற்சக்கரங்களுக்கிடையே விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து எடிசன் சரிசெய்தார், வேலையும் கிடைத்தது. இது அவர் பிற்காலத்தில் தாமே சொன்ன கதை. முந்நூறு என்ற எண்ணில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். ஆனால் இணைப்பு அறுந்தால் சந்தாதாரர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார் என்பதில் ஐயமில்லை.

1870-களின் டிக்கர்களில் ஒத்தியக்க அமைப்பு ஒன்று சேர்ந்தது. எடிசனின் பொறியில் அது இவ்வாறு இருந்தது: சக்கரத்தின் தண்டில் திருகுப் புரி வெட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு சிறு கை அந்தப் புரியின் வழியே ஊர்ந்து செல்லும். ஓர் எழுத்து அச்சானவுடன் கை தொடக்க இடத்துக்குத் தள்ளப்படும். நடுநிலையத்தார் எதையும் அச்சிடாமல் சக்கரத்தைச் சில சுற்றுகள் சுழற்றினால், கை புரியின் முடிவுக்குச் சென்று ஒரு முளையில் முட்டிச் சக்கரத்தை நிறுத்திவிடும். எல்லா அலுவலகச் சக்கரங்களும், முன்னே நின்றதும் பின்னே நின்றதும், ஒரே எழுத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து புதிதாகத் தொடங்கலாம்.

ஒருவரும் நடக்கவேண்டியதில்லை! தொலைவிலிருந்தே பொறியைச் சீராக்கும் இந்த ஏற்பாட்டில் உள்ள அறிவு, எடிசனின் மின்விளக்கில் உள்ளதைவிடக் குறைந்தது என்று நான் கருதவில்லை. இன்று பெட்டி பழுதானால் தொலைபேசியில் பேசும் நிறுவனத்து இளைஞர், "அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்கிறாரே, அதுவும் முளையில் முட்டவைக்கும் வேலைதான்.

விலை யாருடையது?

1871-இல் கோல்டு அண்டு ஸ்டாக் நிறுவனம் வெஸ்டர்ன் யூனியன் என்னும் பெருந்தந்தி நிறுவனத்தின் கைக்குள் வந்தது. அடுத்த ஆண்டே இலண்டனில் எக்ஸ்சேஞ்ச் டெலிகிராப் நிறுவனம் தோன்றியது. பொறி பரவப் பரவ, எதிர்பாராத வாடிக்கையாளர் ஒருவகையினர் முளைத்தார்கள்.

அமெரிக்க நகரங்களில் 'பக்கெட் ஷாப்' என்ற பெயரில் கடைகள் தோன்றின. உள்ளே டிக்கர் ஓடும். கரும்பலகையில் விலை எழுதுவார்கள். வருவோர் பங்கு வாங்குவதுபோல் பணம் கட்டுவார்கள். ஆனால் எந்தப் பங்கும் எந்தச் சந்தையிலும் வாங்கப்படாது. விலை ஏறுமா இறங்குமா என்று கடைக்காரரோடு கட்டும் பந்தயம் அது. சந்தை இல்லாமலேயே சந்தையின் விலை மட்டும் அங்கே வேலை செய்தது.

சிகாகோ தானியச் சந்தை இதை எதிர்த்தது. எங்கள் கூடத்தில் பிறந்த விலையை, பக்கெட் ஷாப்புக்குக் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் எழுதித் தருபவர்க்கே அனுப்புவோம் என்றது. எதிர்த்தரப்பு எப்படியோ விலையைப் பெற்றுப் பயன்படுத்தியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1905-இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு சந்தைக்குச் சாதகமாயிற்று. தன் செலவில் திரட்டிய விலைத் தொகுப்பைக் காத்துக்கொள்ளச் சந்தைக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் செய்துகொண்ட பலருக்குத் தருவதால் அந்த உரிமை போய்விடாது என்பது அதன் சாரம்.

நாடாவில் உள்ள எண் சந்தாதாரரின் கண்ணுக்கு வருகிறது. அவர் கைக்கு வருவதில்லை. அவர் அதைப் பார்த்து வாணிகம் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்கு விற்க முடியாது. எங்கள் கல்லூரி ஒப்பந்தத்தில் பகிர்ந்து விற்கக் கூடாது என்றிருக்கும் வரிக்கு இந்த வயதுடைய பாட்டனார் இருக்கிறார்.

ஒரு புள்ளிக்கு இருபதாயிரம் டாலர்

தலைமை எழுத்தரின் கேள்விக்கு நேரான விடை டிக்கரில் இல்லை; அதன் தாய்வீடான தந்தித் துறையில் நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

1887-இல் பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகர் பிராங்க் பிரிம்ரோஸ், கன்சாஸ் பகுதியிலிருந்த தம் முகவருக்கு வெஸ்டர்ன் யூனியன் மூலம் ஒரு தந்தி அடித்தார். செலவு மிச்சமாக வணிகர்கள் அக்காலத்தில் குறிச்சொற்களில் எழுதுவார்கள். அவர் எழுதிய சொற்களுள் ஒன்று 'பே'. நான் வாங்கிவிட்டேன் என்பது அதன் பொருள். வழியில் அது 'பை' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் வாங்கு என்று பொருள்படும் சொல். முகவர் கடமையுணர்ச்சியோடு கம்பளியை வாங்கத் தொடங்கினார். ஏறக்குறைய 3 இலட்சம் ராத்தல் வாங்கினார். நட்டம் 20,000 டாலருக்கு மேல்.

மோர்ஸ் குறியீட்டில் ஆங்கில 'ஏ' எழுத்து ஒரு புள்ளி, ஒரு கோடு. 'யு' எழுத்து இரண்டு புள்ளி, ஒரு கோடு. இரண்டுக்கும் வேற்றுமை ஒரே ஒரு புள்ளி!

தந்திப் படிவத்தின் பின்புறத்தில் நிறுவனம் ஒரு விதியை அச்சிட்டிருந்தது. கட்டணத்தில் பாதியைக் கூடுதலாகக் கொடுத்தால், பெற்ற நிலையம் தந்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கும். அப்படிச் சரிபார்க்காத தந்தியில் பிழை நேர்ந்தால், கட்டிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை. பிரிம்ரோஸ் கூடுதல் பணம் கட்டியிருக்கவில்லை. 1894-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. அவருக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது தந்திக்குக் கட்டிய 1 டாலர் 15 சென்ட்.

நியாயமா என்று கேட்டால், எனக்கு இரண்டு மனம். ஒரு டாலர் வாங்கிக்கொண்டு இருபதாயிரம் டாலருக்குப் பிணை நிற்கச் சொன்னால் எந்த நிறுவனமும் கம்பி இழுக்காது. ஆனால் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தந்தி அடித்தவர்கள் எத்தனை பேர்?

நான்கு மணி நேரம் பின்தங்கிய நாடா

1929 அக்டோபர் 24, வியாழக்கிழமை. நியூயார்க் பங்குச் சந்தையில் அன்று ஏறத்தாழ 1 கோடியே 29 இலட்சம் பங்குகள் கைமாறின. சந்தை காலை 10 மணிக்குத் திறந்து பிற்பகல் 3 மணிக்கு மூடியது. டிக்கரோ இரவு 7 மணிக்குப் பிறகுதான் கடைசி விலையை அடித்து ஓய்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காலத்து டிக்கர் நிமிடத்துக்குச் சுமார் 285 எழுத்துகளை அடிக்கும். 5 மணி நேரத்தில் 85,500 எழுத்துகள். அதற்கு மேல் ஓர் எழுத்தும் முடியாது. சக்கரத்தின் நிலைமமும் மின்காந்தத்தின் வேகமும் விடாது. அன்றைய செய்தியை அடித்து முடிக்க 9 மணி நேரம் பிடித்ததென்றால், வந்து குவிந்தது ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் எழுத்துகள். பொறியில் பழுதொன்றும் இல்லை. கம்பி அறுபடவில்லை. ஒவ்வொரு எழுத்தும் பிழையின்றிப் பதிந்தது. ஆனால் நாடாவில் பகல் 12 மணிக்கு வந்த விலை, முன்பே முடிந்துபோன வியாபாரத்தின் விலை.

கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் தரகர் அலுவலகங்களில் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் தரகர் மேலும் ஈட்டுப் பணம் கேட்பார். கொடுக்காவிட்டால் பங்குகளை விற்றுவிடுவார். நாடா காட்டிய விலையில் அவர்கள் இன்னும் பிழைத்திருந்தார்கள். உண்மை விலையில் சிலர் எப்போதோ மூழ்கிவிட்டிருந்தார்கள். கடன்பத்திரங்களுக்கென ஓடிய மற்றொரு டிக்கரில், சில முக்கியப் பங்குகளின் அந்த நேரத்து விலையை இடையிடையே அடித்தார்கள். இரண்டு நாடாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் பள்ளத்தின் ஆழம் தெரிந்தது. தெரிந்ததும் விற்க ஓடினார்கள். அதனால் நாடா இன்னும் பின்தங்கியது. அடுத்த செவ்வாய்க்கிழமை, 29-ஆம் நாள், ஏறத்தாழ 1 கோடியே 64 இலட்சம் பங்குகள் கைமாறின.

அந்த வாரத்துச் சந்தாவை எந்தத் தரகரும் திருப்பிக் கேட்டிருக்க முடியாது. பொறி, கம்பி, மை, நாடா, பழுதுபார்ப்பு என்று சொன்னதெல்லாம் கிடைத்தது. கூட்டம் மிகுந்த நாளிலும் செய்தி உரிய நேரத்தில் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அமைதியான நாட்களில் அதைக் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

1930-இல் நிமிடத்துக்கு 500 எழுத்து அடிக்கும் டிக்கர் வந்தது, 1964-இல் 900. பிறகு காகித நாடாவே மறைந்தது. நம் நாட்டில் 1994-இல் தேசியப் பங்குச் சந்தை தொடங்கியபோது, தரகர் அலுவலகக் கூரைகளில் சிறு கிண்ண வடிவ வானலை வாங்கிகள் ஏறின. கம்பியின் வேலையைச் செயற்கைக்கோள் செய்தது.

இவ்வளவையும் சுருக்கித் தலைமை எழுத்தரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம பசங்க கட்டின தாமதக் கட்டணம்?" என்றார். ஒரு டாலர் பதினைந்து சென்ட் கதையை மறுபடியும் சொல்லவேண்டியதாயிற்று.

இந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன், வேறொரு நிறுவனத்திடமும் சிறிய இணைப்பு ஒன்று வாங்கிவைக்கலாம் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்தோம். ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தின் ஆள் வந்து வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர்கள் கம்பி எந்த வழியாக வரும் என்று கேட்டேன். வாசலில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பத்தைக் காட்டினார். பழைய கம்பியும் அந்தக் கம்பத்தின் வழியாகத்தான் வருகிறது.